ஏழாவது இடைப்படம்

முயல் உந்தி எழும் முதல் படமும்
தரையில் கால் பாவும் கடைசிப் படமும்
மெயிலில் வந்துவிடும்.
நடுவில் அது காற்றில் கிடக்கிற படங்கள்
எங்கள் பாடு.
வண்ணார்பேட்டை, ஜவுளிக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி,
ஜன்னலுக்குக் கறுப்புத் தாள்.
இரண்டு தெரு தள்ளி ஆறு ஓடுகிறது என்பது
கேள்விப்பட்ட சேதி.

பேனா நான்கு நிமிடம் அசையாவிட்டால்
திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி.
மைமூன் கழிப்பறைக்கு ஓடுவாள், ஓடியே வருவாள்.
எங்கள் முயல்கூட அத்தனை சுருக்காய் ஓடியதில்லை.
வால் தடித்துவிட்டது, ரீடேக்.
வால் மெலிந்துவிட்டது, ரீடேக்.
நேற்றைய வாலே தேவலை என்று
மறுபடி அதே வால்.
ரீடேக்குக்குச் சம்பளம் கிடையாது.

வெள்ளம் வந்த மார்கழியில்
ஜங்ஷனில் இடுப்பளவுத் தண்ணீர்.
ஜெனரேட்டர் போட்டு, பன் வாங்கிக் கொடுத்து
மூன்று ராத்திரி எங்களைப் பனி வரையச் சொன்னார்கள்.
பனியைப் பார்த்தவர் ஒருவருமில்லை.
ஆறுமுகநேரிக்காரன் ஜெபக்கனி
உப்பளத்தை நினைத்து வரைந்தான்.
அது ஒன்றுதான் ரீடேக் இல்லாமல் தாண்டியது.

ஒப்பந்தத்தில் எங்களுக்குப் பெயர் கலைஞர்.
படித்தபோது கொஞ்சம் கூசியது, கொஞ்சம் இனித்தது.
முப்பிடாதி முக்கூடல்காரி,
ராத்திரியும் ஞாயிறும் பீடி சுற்றுகிறவள்.
ஒரு மத்தியானம் டிபன் பைக்குள்ளிருந்து
ஓர் அட்டையை எடுத்து மேசையில் போட்டாள்.
"ஆயிரம் பீடிக்கு என்ன கூலின்னு கணக்கு உண்டு வே.
பி.எஃப். நம்பர் உண்டு.
சங்கத்துக்குச் சந்தா கட்டுன சீட்டு உண்டு.
அங்க நான் தொழிலாளி.
இங்க நான் என்னன்னு எவனாவது சொல்லுங்க."
போட்டோவில் அவள் கண் மூடியிருந்தது.
அட்டையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம்.
திரும்பினால்
ஏழு திரையிலும் சிவப்புப் புள்ளி.

ஏழு பேர் போதுமாம், மனு கொடுக்க.
டீக்கடையில் ஆறு கையெழுத்து விழுந்தது.
ஆவுடைநாயகம் எங்கள் லீடர்,
வீட்டுக்கடன் எட்டு வருடம் பாக்கி,
வலது மணிக்கட்டில் பட்டை.
"இந்தக் கை போச்சுன்னா என்னய எவன் வச்சிக்கிடுவான்"
என்று சொல்லித்தான் முதல் நாள் எழுந்து போனார்.
ஒன்பதாம் நாள்
அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு
இடது கையால் போட்டார்.

தொழிலாளர் அலுவலகத்தில் எழுத்தர் கேட்டார்,
"தொழில்னு என்னத்த எழுத?"
படம் வரைதல்.
"சினிமாவா?"
இல்லை.
"பிளக்ஸ் போர்டா?"
இல்லை. பொம்மைப்படம். அனிமேஷன்.
"அத கம்ப்யூட்டரே ஓட்டிரும்லா?"

மைமூன் அவர் பேனாவையே கேட்டு வாங்கினாள்.
மேசையில் கிடந்த பழைய சுற்றறிக்கைக் கட்டின் ஓரத்தில்
தாளுக்கு ஒரு முயலாகப் பன்னிரண்டு தாள்.
எங்களுக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது.
அங்கே சிவப்புப் புள்ளி இல்லை, நிதானமாகவே போட்டாள்.
கட்டை விரலால் தாளை விசிறிவிட்டாள்.
முயல் ஏதோ ஓர் அரசாணை எண்ணைத் தாண்டிக் குதித்தது.

அவர் தாமே இரண்டு தடவை விசிறிப் பார்த்தார்.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிறகு சொன்னார்,
"மூணாம் பக்கத்துல தேதி இல்ல. திங்கக்கெழம வாங்க."
"ரீடேக்" என்றான் ஜெபக்கனி.
படியிறங்கித் தெருவுக்கு வந்தும்
சிரிப்பு அடங்கவில்லை.

ஞாயிறு ராத்திரி மைமூனின் லாகின் திறக்கவில்லை.
பதினொன்றரைக்கு ஆவுடைநாயகத்துடையதும்.
குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை, வெகுநேரம்.
பிறகு முப்பிடாதி,
"காலைல ஒம்பதரைக்கு. பேனா கொண்டாங்க."

முதல் படம் எங்களிடம் இருக்கிறது,
ஏழு கையெழுத்தோடு,
அதில் ஒன்று கோணல்.
கடைசிப் படம் எந்த மெயிலிலும் வரவில்லை.
சமாதானபுரத்தில் பஸ் நிற்கிறது.
மைமூன் ஏறுகிறாள், பையில் மனு,
மூன்றாம் பக்கத்தில்
இன்றைய தேதி.