நாலு பல்

மயக்க ஊசி போடும் டாக்டரம்மா
கடைசிக் கேள்வியாகத்தான் கேட்டாள்:
மாத்திரை தவிர வேற என்ன சாப்பிடுறீங்க?

தேசிங்கு நிமிர்ந்து உட்கார்ந்தான்.
வெறும் வயிற்றில் நாலு பல் பச்சைப்பூண்டு,
தேனில் ஊறவைத்தது,
எட்டு மாசமா ஒருநாள் தவறல.
யாரோ அனுப்பிய வீடியோவில்
அடைத்த சாக்கடையைக் குத்திவிட்ட மாதிரி
ரத்தக்குழாய் திறந்துகொள்வதை
அவளுக்கும் காட்டப் போனை எடுத்தான்.

அவள் பேனாவை மூடினாள்.
அவ்ளோ பச்சையா தின்னா
ரத்தம் லேசுல உறையாதுங்க.
கத்தி வைக்கிற இடத்துல அது வேணும்.
ஏழு நாள் கழிச்சி வாங்க.

ஏழு நாள்.
பாபுராவ் தெரு லாட்ஜில்
ஒரு நாளுக்கு நானூற்றைம்பது.
மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன்,
அரை ஆடு.

"நல்லதுன்னுதான் துன்னேன் அக்கா"
சுவரைப் பார்த்துப் படுத்துகினு சொன்னான் தம்பி.
அந்தச் சுவரில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள்
வங்காளத்தில் ஏதோ கணக்கு எழுதியிருந்தார்கள்.

உப்பையும் குறைத்துவிட்டார்கள்.
நாள் முழுக்க எல்லாத்துக்குமாக இவ்வளவுதான் என்று
உணவுப் பிரிவில் கொடுத்த பிளாஸ்டிக் கரண்டி
என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.
முதல் நாள் சோற்றை ஒதுக்கினான்.
இரண்டாம் நாள் தட்டையே தள்ளினான்.

திரும்பப் போய்க் கேட்டேன்,
பூண்டே ஆகாதா?
குழம்புல போடுங்க, வீட்ல போடுற மாதிரி.
மருந்துன்னு முழுங்க வேணாம், அவ்ளோதான்.

நேதாஜி மார்க்கெட்டில் கால் கிலோ பூண்டு,
இலவம்பாடி முள்கத்திரிக்காய் அரைக் கிலோ.
பூண்டை முகர்ந்து வாங்கினேன்,
கோபம் கொஞ்சம் பாக்கியிருந்தது.

லாட்ஜின் பொதுச் சமையலறையில் நாலு அடுப்பு.
பக்கத்து அடுப்பில் மால்டாவிலிருந்து வந்த ஷெஃபாலி,
மகனுக்குக் கிட்னி.
என் கையைப் பார்த்து "ரொசூன்" என்றாள்.
"பூண்டு" என்றேன்.
அவள் சொன்னபோது அது "புண்டூ" ஆயிற்று.
அவள் டம்ளர் அடியால் நசுக்கி
கொஞ்ச நேரம் சும்மா வைத்துவிட்டுப் போடுகிறவள்.
நான் முழுப் பல்லாய் நல்லெண்ணெயில்
ஓரம் சிவக்க வதக்குகிறவள்.
அன்றைக்கு எனக்கு அவள் நசுக்கித் தந்தாள்,
அவளுக்கு நான் வதக்கித் தந்தேன்.
அந்த வாசனைக்கு மூன்றாம் மாடியிலிருந்து
ஒரு ஆள் இறங்கி வந்து,
எதற்கு வந்தோம் என்று தெரியாமல்
தண்ணீர் பிடித்துக்கொண்டு போனான்.

காம்பு நறுக்கும்போது
கத்திரிக்காய் முள் விரலில் ஏறியது.
ஒரு சொட்டு.
துடைக்காமல் எண்ணினேன்.
எண்பத்தாறில் நின்றுவிட்டது.
அடுப்பில் புளி கொதித்து வழிந்தது, பரவாயில்லை.
அவனுக்கு எத்தனை வரைக்கும் எண்ண வேண்டியிருக்கும்?

குழம்பில் குழைந்து நின்ற பூண்டை
விரலால் நசுக்கி சோற்றில் பிசைந்தான்.
இரண்டாவது வாயில் கேட்டான்:
"உப்பு போட்டியா?"
போட்டேன், என்றேன்.
அந்தக் கரண்டியில் பாதிதான் போட்டிருந்தேன்.
மறுபடியும் சோறு கேட்டான்.
கொலஸ்ட்ரால் இறங்கியதோ என்னவோ, எனக்குத் தெரியாது.
தட்டு காலியானதைத்தான் பார்த்தேன்.

ஏழாம் நாள் காலை
ரத்தப் பரிசோதனை அறை.
அவன் விரலில் குத்திவிட்டு
வடிதாளால் ஒற்றி ஒற்றி எடுத்தாள் ஒரு பெண்.
கழுவியும் போகாத பூண்டு வாசனையோடு
என் கை அவன் தோளில் இருந்தது.

தாளில் வரிசையாகச் சிவப்பு.
முதலில் ஒரு பூண்டுப் பல் அளவு.
அப்புறம் மிளகு.
கடுகு.
இன்னொரு கடுகு.
வெறும் தாள்.