மேடேறும் வாய்க்கால்

சாம்பார் வாசனை வந்தால் போதும்,
இடது தாடைக்கடியில் நெல்லிக்காய் ஒன்று
விறுவிறுவென்று புடைத்துக்கொள்ளும்.
சாப்பிட்டு அரை மணியில்
ஒன்றும் தெரியாததுபோல் அடங்கிவிடும்.
எம்.சி. ரோட்டில் சோற்றைக் கண்டு பயந்தவள்
நான் ஒருத்திதான்.

ஸ்டான்லி. காது மூக்குத் தொண்டைப் பிரிவு.
"ஜெசிந்தா யாரும்மா?"
என் பெண்ணைவிடச் சின்ன டாக்டர்,
பேனாவையும் என்னிடமே வாங்கி
ஓ.பி. சீட்டின் பின்னால் ஒரு முகம் வரைந்தாள்.
மூக்கு சரியாக வரவில்லை.
காதுக்கு முன்னால் ஒன்று,
தாடைக்கு அடியில் ஒன்று,
நாக்குக்குக் கீழே ஒன்று.
அந்தப் பக்கமும் அதே மூன்று.
அதுபோக உதட்டிலும் கன்னத்திலும்
எண்ணி முடியாத பொடிசுகள்.

உமிழ்நீர் என்றாள்.
நாற்பத்தாறு வருஷமாய் எனக்கு அது எச்சில்.
தட்டில் பட்டால் கழுவ வேண்டியது,
தெருவில் துப்பினால் சண்டை வருவது,
பில் புத்தகம் புரட்ட
விரல் நுனிக்கு மட்டும் வேண்டியது.
"ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் கிட்ட சுரக்கும்கா."
லாரி வராத நாளில்கூடவா?

காதுப் பக்கத்துச் சுரப்பிக்குக் கவலையில்லை,
மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேரே
தண்ணியாய் விட்டுவிட்டுப் போய்விடும்.
தாடையடிச் சுரப்பிதான் பாவம்.
அதன் நீரில் கொழகொழப்பும் கலந்திருக்கும்,
குழாயும் நீளம்,
கீழிருந்து மேலே ஏறியாக வேண்டும்
நாக்கடி வாசலுக்கு.
சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு,
மோட்டார் இல்லாமல்.
ஓட்டம் குறைந்தால் சுண்ணாம்பு படியும்.
படிந்தால் கல்.

"தண்ணியே குடிக்க மாட்டீங்களா?"

எங்கிருந்து ஆரம்பிக்க.
காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பது.
கழிவறை நாலாவது மாடி.
சாவி சூப்பர்வைசர் மேஜையில்,
பக்கத்தில் ஒரு நோட்டு:
போன நேரம், வந்த நேரம், கையெழுத்து.
பூனம், சில்க் காட்டன், "இந்த பார்டர் பாருங்கக்கா" என்று
தொண்டைத் தண்ணி வற்றக் கத்திவிட்டு
பாட்டிலைத் திறந்து
உதட்டை மட்டும் நனைத்து மூடுவேன்.
பதினோரு வருஷம்.

நர்ஸ் டப்பாவிலிருந்து எலுமிச்சைத் துண்டு வந்தது.
கடிக்கவேயில்லை,
மஞ்சளைப் பார்த்ததும் ஊறத் தொடங்கிவிட்டது.
வாய்க்குள் ஒரு விரல், வெளியே ஒரு கை,
டாக்டர் அழுத்தித் தள்ளத் தள்ள
வலி காதைத் தாண்டிப் போய் நின்றது.
பிறகு உப்பாய் ஒரு பாய்ச்சல்.
நாக்கின் மேல்
அரிசிக் குருணையளவு கல்.

மதியம் குழம்பு ஊற்றாமல்
ஒரு வாய் வெறும் சோற்றை
மென்றேன், மென்றேன்,
அது இனிக்கும்வரை மென்றேன்.
அதுவும் எச்சிலின் வேலைதானாம்.

ஜாக்கெட் கொக்கி போட்டுத் தரும்
சின்ன பிளாஸ்டிக் உறையில் கல்லைப் போட்டு
நோட்டின்மேல் வைத்தேன்.
"என்ன இது, கம்மல் கல்லா?" என்றார் தணிகாசலம்.
பாட்டில் முழுவதையும்
அவர் எதிரே நின்றே குடித்தேன்.
விரலை நாக்கில் தொட்டு
நோட்டில் ஒரு பக்கம் புரட்டினேன்.
ஒன்றும் எழுதவில்லை.
சாவியை எடுத்துக்கொண்டேன்.

நாலாவது மாடி.
லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும்.