நிலுவை

அஞ்சல்தலை தீர்ந்துபோன ஞாயிற்றுக்கிழமை.
வீப்கெ கைபேசியில் காசு கட்டினாள்,
எட்டு எழுத்து வந்தது.
உறையின் வலது மூலையில்
பேனாவால் எழுதினால் போதுமாம்.
நாக்குக்குப் பசை தெரியாத தபால்.

ப்ரேமர்ஹாஃபனிலிருந்து கீலுக்கு,
அப்பாவின் படகை
ஒரு வார்த்தை கேட்காமல் விற்ற
தம்பி டெட்லெஃபுக்கு
நான்கு பக்கம்.
எழுதி முடித்ததும் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.
மீதிக்குத் தேநீர் போட்டாள்.
கடிதம் ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் போனது.

ஒட்டிய தலையென்றால்
கெட்டில் ஆவியில் காட்டி உரிக்கலாம்.
இதில் உரிக்க என்ன இருக்கிறது?
பார்த்து எழுதினாள் அதே எட்டையும்
மின்சாரக் கம்பெனிக்கான புகாரின் மூலையில்.
அது ஒழுங்காய்ப் போய்ச் சேர்ந்தது.

நவம்பரில்
வெண்ணெய்க் கத்தி தேடிய மகன் யோர்ன்
உறையைக் கண்டெடுத்து,
அம்மா மறந்துவிட்டாள் பாவம் என்று
மஞ்சள் பெட்டியில் போட்டுவிட்டான்.

எந்திரம்
ஒருமுறை படித்ததை மறப்பதில்லை.

கீலில், மழையில், தபால்காரி சொன்னாள்:
கட்டணம் பாக்கி. வேண்டாமென்றால் திருப்பிவிடலாம்.
டெட்லெஃப் மூலையைப் பார்த்தான்.
செல்லாத எட்டு எழுத்தில்
ஒரு ஒன்பது, வால் சுருண்ட ஒன்பது,
பள்ளிக்கூடத்தில் அக்காள் அடிவாங்கிய ஒன்பது.
கோட்டுப் பையைத் துழாவினான்,
சாவி, மூக்குத்துணி, பிறகு சில்லறை.

இரவு பதினொன்றுக்கு
வீப்கெயின் கைபேசி அதிர்ந்தது.
"திட்டு வந்து சேர்ந்தது.
காசு நான்தான் கொடுத்தேன்."

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
அவள் தட்டினாள்:
எவ்வளவு?