பருவகாலப் பொருள்

பொங்கலன்று மாலை
கொள்முதல் நிலையத்தில் மூன்று பேர்:
நான், அமிர்தவல்லி,
மடித்துப் போட்ட தார்ப்பாய்க்குள் புகுந்துவிட்ட ஒரு நாய்.

தராசுக்குப் பூட்டு. காவலர் ஊருக்குப் போய்விட்டார்.
அவருடைய டார்ச்சும் விசிலும் என் மேசைமேல்.
‘பருவகாலப் பட்டியல் எழுத்தர்’
என்கிறது என் நியமனக் கடிதம்.
பருவம் எப்போது முடியும் என்று அதில் இல்லை.

செல்போனில் என் பெயர் நெல்மூட்டை17.
அங்கே முழங்கால் பனியில் நடக்கிறேன்,
இரண்டு வால் நரிகளோடு சண்டை போடுகிறேன்.
டிசம்பர் கடைசி ராத்திரி எட்டரைக்கு,
கொரடாச்சேரிக் கடைத்தெருவில்
புரோட்டாக் கல் அப்போதுதான் சூடேற,
அங்கே புத்தாண்டு பிறந்துவிட்டது.
வாணம் வெடித்தது. ஒரு பெட்டி திறந்தது.
உள்ளே
வெள்ளையாய் இரண்டு உருண்டை, பெரிசின் மேல் சிறிசு,
உச்சியில் இலையோடு ஓர் ஆரஞ்சு.

ககாமி மோச்சி. பருவகாலப் பொருள்.
சாமிக்கு வைத்தது, உடனே தின்னாதே.
காயட்டும். வெடிப்பு விடட்டும்.
கத்தி படக் கூடாது, சுத்தியலால் உடை.
உடைத்தால் உயிர் முழுதாய்த் திரும்பும்.
ஜனவரி பதினைந்து நள்ளிரவோடு செல்லாது.

அவர்கள் நள்ளிரவு
நமக்கு எட்டரை.

களத்தில் கிடப்பது அமிர்தவல்லியின் நெல்,
நூறு மூட்டை தேறும். குத்தகை நிலம்.
முந்தாநாள் ஈரப்பதம் பத்தொன்பது புள்ளி நான்கு.
பதினேழுக்கு மேல் எடுக்க எனக்கு உத்தரவில்லை.
சொன்னபோது அவள் என்னைத் திட்டவில்லை,
மெஷினைத்தான் திட்டினாள்,
அதற்குத் தாய் தகப்பன் உண்டா என்று கேட்டாள்.

தம்பி கொண்டுவந்த தூக்குவாளிப் பொங்கலில்
பாதியை என் பக்கம் தள்ளிவிட்டுப்
போனை எட்டிப் பார்த்தாள்.

“என்ன அது, கொழுக்கட்டையா?”
“மோச்சி.”
“மொச்சை இப்படியா இருக்கும்?”
“மோச்சி. அரிசிதான்.
ஜப்பான்காரங்க புதுவருசத்துக்கு வைக்கிறது.
வேகவச்சு இடிச்சு உருட்டுவாங்க.”
“எந்த ரகம்?”
குறிப்பில் ரகம் இல்லை.
“ஏன் திங்காம வச்சிருக்க?”
“காயணும்.”
அவள் சிரித்த சிரிப்பில்
நாய் தார்ப்பாயை விட்டு வெளியே வந்தது.
“அங்கயும் ஈரம் பாக்குறானுவளா!”

எட்டு இருபது. சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டேன்.
நெற்றியில் ஒரு சொட்டு.
நிமிர்வதற்குள் அவள் குவியலிடம் ஓடியிருந்தாள்.
ஒரு முனை அவள், ஒரு முனை நான்,
நடுவே காற்று புகுந்து தார்ப்பாய் ஆளுயரம் எழும்ப
செங்கல் தேடி, கிடைக்காமல்,
என் நாற்காலியைக் கவிழ்த்து வைத்து,
நாய் வேறு குறுக்கே ஓடி.
ஐந்து நிமிடத் தூறல்தான்.
மண் வாசனை வரக்கூட நேரமில்லை.

எட்டு முப்பத்தொன்று.

உருண்டைகள் சாம்பல் நிறமாகியிருந்தன.
அழுத்திப் பார்த்தேன்.
இந்தப் பொருளின் பருவம் முடிந்துவிட்டது.
இனி பையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்,
விற்க முடியாது, தின்ன முடியாது,
எறியவும் மனசு வராது.

“உடைச்சியா?”
“இல்ல.”
“எவ்வளவு நட்டம்?”
யோசித்தேன்.
“ஒண்ணுமில்ல.”
“அப்ப விடு” என்று
தார்ப்பாய்க்கடியில் கையை நுழைத்து
ஒரு நெல்லை எடுத்துக் கடித்தாள்.
டொக்கென்று சத்தம் வர வேண்டும்.
இருவரும் காத்திருந்தோம். வரவில்லை.

விடுமுறை முடிந்த காலை
மெஷின் காட்டியது பதினேழு புள்ளி இரண்டு.
அவள் மெஷினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
பதினேழு என்று எழுதிப்
புள்ளி வைத்தேன்.
அது முற்றுப்புள்ளி.

சாக்குப் பிடிக்க ஆட்கள் வந்தார்கள்.
சட்டைப் பையில் போன் அதிர்ந்தது:
புதிய பருவகாலப் பொருள், பிப்ரவரி மூன்று வரை.
பிசாசை விரட்ட எறியும் வறுத்த பயறு.
படத்தைக் காட்டினேன்.

“இதான் மொச்சை” என்றாள்
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று
எண்ணுவதை நிறுத்தாமல்.