நிறுத்துகிற வயர்

பூவாற்று மெக்கானிக் கல்யாணத்துக்குப் போயிருந்தான்.
அதனால்தான் ஊரம்பில் மிக்ஸி பழுதுபார்க்கும் என்னை
நீரோடிக் கரைக்கு ஸ்கூட்டரில் கொண்டுவந்தார்கள்.
"கரண்டு தெரிஞ்சவ" என்றார்கள் ததேயு அண்ணனிடம்.
அவர் என் செருப்பைப் பார்த்தார்.

மூடி கழற்றிய எஞ்சின் பலகையில் தொங்கியது.
விழிஞ்ஞத்தில் மூன்றாம் கையிலிருந்து வாங்கியது.
வயது அவருக்கே தெரியாது.
எண் பொறித்த தகட்டை
உப்பு வாசித்துத் தீர்த்துவிட்டது.

நாலு நாளாக இப்படித்தானாம்.
காலையில் எடுக்கும். அலை தெளித்தால் அணையும்.
கரையில் காயவைத்தால் மறுபடி எடுக்கும்,
ஆஸ்பத்திரி வாசலில் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி.
இன்று அதுவும் இல்லை.

பிளக்கைக் கழற்றினேன். கரி, மண்ணெண்ணெய்.
துடைத்து இரும்பில் சாய்த்துப் பிடித்து
"இழுங்க" என்றேன்.
இழுத்தார். இருட்டு.
புதுப் பிளக். இழுத்தார்.
டார்ச்சுகளை அணைத்துவிட்டு
ஏழெட்டுத் தலைகள் குனிந்து காத்திருந்தன.
இருட்டு.

காயிலை அளந்தேன், சக்கரத்தின் அடியில் இருப்பதையும் அளந்தேன்.
எண்கள் ஒழுங்காகவே வந்தன.
"அப்ப அந்தப் பெட்டியாக்கும் போச்சு. ஆறாயிரம்"
என்றது ஒரு குரல்.
ததேயு அண்ணன் மடியைத் தொட்டுக்கொண்டார்.

ஒரு நிமிஷம், என்றேன்.
பெட்டியிலிருந்து கைப்பிடிக்குப் போகிறது
ஒரு கறுப்பு வயர்.
அதற்கு இருப்பது ஒரே வேலை:
இரும்பைத் தொட்டால் எஞ்சின் நிற்கும்.
மற்ற நேரமெல்லாம்
எதையும் தொடாமல் இருக்க வேண்டும்.
அதைப் பிடுங்கினேன்.
"இழுங்க."

நீலம்.
மீன்முள் நீளத்துக்கு, டப்பென்று.

டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை இறக்கினார்கள்.
பெட்ரோலில் எடுத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும்
டிரம்மே மணலில் நகர்ந்தது.
எல்லோரும் சேர்ந்து பேசினார்கள், பாதி மலையாளம்.
நிறுத்த பட்டனை அமுக்கினார் அண்ணன். நிற்கவில்லை.
சிரித்துக்கொண்டே சோக்கை இழுத்து
மூச்சை அடைத்தார்.

"இது மதி பிள்ளே. நாலு மணிக்கு இறக்கணும்.
சோக்குலயே நிறுத்திக்கிடலாம். சாரமில்ல."

கைப்பிடியில் ஒரு சிவப்புச் சுருள்கயிறு,
மணிக்கட்டில் மாட்டுவது.
ஆள் விழுந்தால் கொக்கி தெறித்து எஞ்சின் அணையும்,
வள்ளம் பக்கத்திலேயே கிடக்கும்.
அந்தச் சேதியும் இதே வயரில்தான் போகணும் அண்ணே,
என்றேன்.

யாரும் பேசவில்லை.
பிறகு, பொழியூர் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே
எஸ்கலின் என்கிற பையன் சொன்னான்:
"எங்க சித்தப்பாவ
அவரு வள்ளம் சுத்திச் சுத்தி வந்துச்சாம்.
எண்ணெ தீருற வரைக்கும்."

மீட்டரைக் கூவுகிற இடத்துக்குத் திருப்பினேன்.
கொக்கி மாட்டியே இருக்கிறது, கூவக் கூடாது.
கூவியது.
வயரைக் கைக்குக் கை உலுக்கிக்கொண்டே போனேன்.
கூவல், கூவல்,
கைப்பிடி மடங்கும் இடத்தில் விக்கி நின்றது.

உள்ளே ஒரு ஒட்டு.
காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி, மூன்று சுற்று.
எந்தக் கையோ, எந்த ஆழத்திலோ,
பெட்டியில் வேறொன்றும் இல்லாமல் ஒட்டியிருக்கிறது.
பிரித்தேன். செம்பு பாசியாய்ப் பச்சை பிடித்து
இரும்பில் சாய்ந்து கிடந்தது.
நனைந்தபோதெல்லாம் நில் நில் என்று
அதுதான் சொல்லியிருக்கிறது,
யாரும் விழாமலே.

அழுகியதை வெட்டி, புது வயர் சேர்த்து,
பற்றவைத்து, குழாய் போட்டு லைட்டரில் சுருக்கினேன்.
எஞ்சின் எடுத்தது.
எஸ்கலின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டி
பின்னால் நடந்தான்.
தெறித்தது. நின்றது.
கடல் கேட்டது.

"இன்னொரு தடவ" என்றான்.
எடுத்தார்கள். நடந்தான். நின்றது.
"இன்னொரு தடவ."

மண்ணெண்ணெய் விலையைச் சொல்லி
ததேயு அண்ணன் முணுமுணுத்தார்.
ஆனாலும் குனிந்து
ஆறாவது முறையும் அவரே இழுத்தார்.