நாற்பத்தொன்றாவது கையெழுத்து

மேன்மை தாங்கிய கவர்னர் துரையவர்கள் சமூகத்துக்கு
கோடவுன் தெரு ஜவுளி வியாபாரி
கொண்டூரு ராகவலு செட்டியும் நாற்பது பேரும்
தாழ்மையுடன் எழுதிக்கொண்ட மனு.

இதுவரை சரி.
இதற்குமேல் பேனா ஓடவில்லை.
தெருவில் கூச்சல்.

எரிக்கட்டும்.
லங்காஷயர்க்காரன் போன ஐப்பசியிலேயே
பணத்தை எண்ணிப் பெட்டியில் வைத்துவிட்டான்.
கடற்கரையில் நீங்கள் கொளுத்துவது
அவன் துணி இல்லை, பிள்ளைகளா,
என் கடன்.
அதுவாவது எரிந்தால் தேவலை.
துணி எரிகிறது, வட்டி எரிவதில்லை.

ராஜவிசுவாசி என்று
என் கதவில் தார் பூசினீர்கள்.
பூசாவிட்டாலும் சொல்லியிருப்பேன்.
எம்டன் குண்டு விழுந்த ராத்திரி
ஊரே வண்டி கட்டிக்கொண்டு ஓடியது,
நான் கடைப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அன்றைக்கு ஓடினவர்கள்
இன்றைக்கு எனக்குத் தைரியம் சொல்லித் தருகிறார்கள்.

மயிலாப்பூர் வக்கீல் கதர் கட்டலாம்.
நனைந்தால் அந்தக் கனத்தைச் சுமக்க அவருக்கு ஆள் உண்டு.
ரிக்‌ஷா இழுப்பவன் பெண்டாட்டி
கெஜம் மூன்றணா மல்லுக்கே
மூன்று தரம் வந்து விலை கேட்டுப் போகிறாள்.
அவளைக் கேட்டீர்களா?

இதையெல்லாம்தான் எழுத உட்கார்ந்தேன்.

நேற்றுக் காலை
கடை வாசற்படியில் குறுக்கே ஒரு பெண் படுத்திருந்தாள்.
தெரிந்த முகம்.
போன தீபாவளிக்கு நீலக்கரை வாயில் வாங்கினவள்
இப்போது வாயிலில்.
ஓரணா குறைந்தது அன்றைக்கு,
அப்புறம் கொடு என்றேன்.
ஓரணாவுக்கு யார் பேர் கேட்டு எழுதுவார்கள்?

தாண்டிப் போ செட்டி, நான் இருக்கிறேன்
என்றான் சார்ஜண்ட்.
ஒரு முழ உயரம்கூட இல்லை அவள்.
காலைத் தூக்கினேன்.
அவள் கண்ணைத் திறந்து,
படுத்தபடியே முந்தானை முடிச்சை அவிழ்த்து
படிக்கல்மேல் வைத்தாள்.
‘அந்த ஓரணா.’

தூக்கின காலை எங்கே வைத்தேன் என்று
இப்போது நினைவில்லை.
வெயிலில் நின்றேன், கையில் சாவி.
பத்தரைக்கு லாரி வந்தது.
ஏற்றிக்கொண்டு போனார்கள்.
படி காலி.
கடை திறந்தேன், கல்லாவில் உட்கார்ந்தேன்,
ஈ ஓட்டினேன்.
நேற்றைய வரவு மொத்தம்
ஓரணா.

என் மனசு மாறிவிட்டது என்று
யாரும் மேடையில் பேசவேண்டாம்.
மறியல் அநியாயம்தான்.
மனுவை முடித்து, தெலுங்கில் கையெழுத்துப் போட்டு,
ஒற்றுத்தாள் வைத்து அழுத்தி
உறையில் போட்டாயிற்று.

கணக்குப்பிள்ளை மட்டும்
பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு
நேற்றிலிருந்து கேட்கிறான்,
யார் பேரில் வரவு வைக்க என்று.