ஆணி

எங்கள் ஏரிக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
அட்டுவம்பட்டி தாண்டி இறக்கத்தில்
குருசடிக்குப் பின்னால் திரும்பினால்
இருபத்தொன்பது வீடுகள்.
நடுவில் ஏரி,
யாரோ கழுவிக் கவிழ்க்க மறந்த தட்டு போல.

வாரம் ஒரு வீட்டு முறை.
முறைக்காரர் வீட்டுக்கு வந்து சேரும்
மதகுச் சாவி, டார்ச், விசில்,
நீலப் பையில் ஒரு நோட்டு.
டயர் டியூபும் கயிறும் மட்டும் வீட்டுக்கு வராது.
கரையில், சீகை மரத்து ஆணியில் தொங்கும்.
நாற்பது முழம் நைலான்.
முனையில் பிலோமினா டீச்சர் கட்டிய சிவப்புத் துணி.

நோட்டில் இப்படி எழுதுவோம்:
"செவ்வாய். காட்டுமாடு ஒன்று, கன்றோடு,
ஏழு மணி வரை தண்ணீரில் நின்றது.
யாரும் கிட்டே போகவில்லை."
"வியாழன். பதினாலாம் வீட்டுக் கழிவுக் குழாய் கசிகிறது.
சொல்லியாயிற்று."
"வெள்ளி. சொல்லியாயிற்று."
"சனி. நாங்களே மண்ணை வெட்டி அடைத்தோம்.
பதினாலாம் வீடு டீ கொடுத்தது."

தை பிறந்த வாரம் என் முறை.
மேகமே இல்லாத ராத்திரி.
அப்படி ராத்திரி வந்தால் இங்கே
தோட்டம் வைத்திருப்பவர் தூங்க மாட்டார்.
பனி வெள்ளையாய் வந்து உட்காரும்,
விடிந்து பார்த்தால்
வெந்நீர் ஊற்றின மாதிரி இலை கிடக்கும்.
என்னிடம் தார்ப்பாய் இருந்தது.
கட்டக் கயிறில்லை.
சீகை மரம் கூப்பிடு தூரம்.
ஒரு ராத்திரிதானே.

காலையில் கேட்டது விசில் சத்தமல்ல.
விசில் என் வீட்டு அலமாரியில் இருந்தது.

ஏழாம் வீட்டு ஜெரால்டு, எட்டு வயது,
வாத்து முட்டை தேடி மதகின் மேல் நடந்திருக்கிறான்.
பனி படிந்த கல்.
கேஸ் போட வந்த மாயாண்டி
சிலிண்டரை ரோட்டிலேயே உருளவிட்டு
மரத்தடிக்கு ஓடிப் பார்த்தால்
ஆணி.
கீழே டியூப்.
கயிறில்லாத டியூபை எறிந்தால் போகும்,
திரும்பி வராது.

எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது.
இந்தக் குளிரில் யார் கற்றுக்கொண்டார்கள்?
மாயாண்டி வத்தலக்குண்டுக் கிணறுகளில் குதித்து வளர்ந்தவன்.
குதித்தான்.
"அது தண்ணியில்லக்கா, கத்தி" என்றான் பிறகு,
பல் கிட்டித்துப்போய்.
ரோஸ்லினும் அவள் மாமியாரும்
சேலையையும் சால்வையையும் முடிந்து எறிந்து
இரண்டு பேரையும் இழுத்தார்கள்.
நான் கம்பளியோடு போய்ச் சேர்ந்தேன்.
கயிறு பீன்ஸ் மேல் இருந்தது.

ஞாயிறு, பூசை முடிந்து கூட்டம்.
சங்கிலி போடலாம் என்றார் ஒருவர்.
பூட்டு என்றார் இன்னொருவர்.
"விழுகிறவன் சாவி கேட்டுட்டா விழுவான்?" என்றாள் ரோஸ்லின்.
டூரிஸ்ட் எடுத்திருப்பான் என்றது பதினாலாம் வீடு.
எல்லாத் தலையும் ஆடியது.
டூரிஸ்ட் எங்களுக்கு வசதியான சொல்.
பாட்டில் உடைந்தால் டூரிஸ்ட்,
மீன் மிதந்தால் டூரிஸ்ட்.
என் தலையும் பாதி ஆடி நின்றது.
மாயாண்டி மூலையில் இருமிக்கொண்டிருந்தான்.
அவனை யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை.

நோட்டு என் மடியில்.
எழுதினேன்:
"கயிற்றை எடுத்தது நான். அமலோற்பவம்.
பீன்ஸுக்காக."
எழுதியதை உரக்க வாசிப்பது வழக்கம்.
வாசித்தேன்.

ஜெரால்டின் அம்மா எழுந்து போனாள்.
இன்றுவரை என் வாசல் வழி வருவதில்லை,
குருசடியைச் சுற்றிப் போகிறாள்.
கேட்க எனக்கு வாயில்லை.

இப்போது ஆணியில் இரண்டு கயிறு.
ஒன்று நான் வாங்கியது.
நேற்றும் வானம் துடைத்த மாதிரி இருந்தது.
தார்ப்பாய்க்குக் கல் வைத்தேன்.
ராத்திரி காற்று ஒரு மூலையைத் தூக்கியிருக்கிறது,
மூன்று பாத்தி கருகிவிட்டது.
அதைப் பார்க்குமுன்
கரைக்குப் போனேன். என் முறைகூட இல்லை.
கயிறு விறைத்து,
சிவப்புத் துணியில் பனி பூத்து
இருந்தது.
இரண்டும் இருந்தது.